யாருக்குத் தந்த வாக்கு?

நாளிதழில் விபத்துச் செய்தியைப் படிக்கும்போது நம் கண்கள் ஒரு சொல்லைத் தாண்டி ஓடிவிடுகின்றன. ‘படுகாயம்’ என்பதே அச்சொல். சாலையோரம் நின்ற லாரியின் மீது கார் மோதியது. இன்னார் அந்த இடத்திலேயே இறந்தார். இன்னார் படுகாயமடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அத்துடன் செய்தி முடிந்துவிடுகிறது. இறந்தவருக்காக ஒரு கணம் வருந்துகிறோம். படுகாயமடைந்தவர் எப்படியோ பிழைத்துக்கொண்டார் என்று எண்ணி அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம்.

2022 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன என்றும், அவற்றில் 1,68,491 பேர் மாண்டனர், 4,43,366 பேர் காயமுற்றனர் என்றும் நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குத் தந்துள்ளது. விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு தமிழகமே முதலிடம் பெற்றது. மாண்டவர்களை நாம் அடக்கம் செய்கிறோம். அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். காயமுற்றவர்களின் கதை என்ன ஆயிற்று? அவர்களுள் பலருக்குக் கணவர் உண்டு, மனைவி உண்டு. ‘படுகாயம்’ என்ற சொல்லில் செய்தி முடியும் இடத்தில் அந்த இன்னொருவரின் வாழ்க்கை புதிதாகத் தொடங்குகிறது.

அவ்வாழ்க்கை எழுப்பும் கேள்வி ஒன்றை இங்கே எழுத முற்படுகிறோம். விடை நமக்குத் தெரியும் என்ற துணிவினால் எழுதவில்லை. அக்கேள்வி நம்மிடம் நேரடியாகக் கேட்கப்பட்டபோது, சிந்திக்காமல் ஒரு விடையைச் சொல்லிவிட்டு வந்த வெட்கத்தினால் எழுதுகிறோம்.

இடக்கைக் கையொப்பம்

எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த குடும்பம் அது. கணவருக்கு அப்போது 43 வயது. சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வந்தார். ஊரின் திருமண அழைப்பிதழ்களும் பங்கின் திருவிழா அறிவிப்புகளும் அவருடைய எந்திரத்திலிருந்தே வெளிவரும். பிழை திருத்துவதில் மிகக் கண்டிப்பானவர். ஓர் ஒற்று விடுபட்டிருந்தாலும் அச்சான தாள்களை ஒதுக்கிவிட்டுத் தம் செலவிலேயே மறுபடியும் அடித்துக் கொடுப்பார். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். ஒரே மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் சென்றுவிட்டு மூவரும் இரவோடு இரவாகக் காரில் திரும்பிக்கொண்டிருந்தனர். விடிந்ததும் புறப்படலாமே என்று மனைவி சொல்லியிருக்கிறார். காலையில் ஒரு வேலையை முடித்துக் கொடுக்கவேண்டும் என்று கணவர் கேட்கவில்லை. அவருக்குத் தூக்கம் வந்துவிடக் கூடாதே என்று வழிநெடுகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தவர், திருச்சியைத் தாண்டி வெகுதூரம் வந்தபின், துவரங்குறிச்சியை நெருங்கும் வேளையில் சற்றே கண்ணயர்ந்துவிட்டார். அந்தச் சில நிமிடங்களுக்குள், பின்விளக்கு எரியாமல் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த லாரியின் அடியில் காரின் முன்பகுதி புகுந்துவிட்டது. ‘நான் தூங்காமல் இருந்திருந்தால்...’ என்று அவர் தொடங்கி முடிக்காத வாக்கியத்தை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம்.

மகளுக்குச் சிராய்ப்புகளோடு போயிற்று. மனைவிக்கு வலக்கை முறிந்தது. கணவருக்குத் தலையில் அடி. அவ்வேளையில் கடை திறந்துகொண்டிருந்த தேநீர்க்கடைக்காரர் ஒருவரும், தம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்த லாரி ஓட்டுநர் ஒருவரும் 108 ஊர்தியை அழைத்து, அது வரும்வரை அவர் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவர்களுடைய பெயரை யாரும் கேட்டு வைக்கவில்லை.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் அவருடைய உணர்வுநிலையை ஓர் எண்ணாகச் சொன்னார்கள். கிளாஸ்கோ நகரில் 1974 இல் டீஸ்டேல், ஜென்னெட் என்னும் இரு மருத்துவர்கள் வகுத்தளித்த அளவுகோல் அது. கண் திறத்தல், பேசுதல், உறுப்புகளை அசைத்தல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டுக் கூட்டுவார்கள். முழு உணர்வுக்கு 15. மிகக் கீழான நிலைக்கு 3. கூட்டுத்தொகை 8 ஆகவோ அதற்குக் குறைவாகவோ இருப்பின் மூளைக்காயம் கடுமையானது என்று பொருள். அவருக்கு 6 என்றார்கள். வீங்கும் மூளைக்கு இடந்தர மண்டையோட்டின் ஒரு பகுதியை உடனே அகற்றவேண்டும் என்று சொல்லி ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். வலக்கை கட்டில் தொங்க, இடக்கையால், எழுதப் பழகும் குழந்தையைப் போல அந்த அம்மையார் கையொப்பமிட்டார். ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்ற இடத்தில் ‘மனைவி’ என்று எழுதினார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கள் நகர்ந்தன. அகற்றிய எலும்பை வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்துப் பாதுகாத்தனர். தலைக்கட்டின் மீது ‘எலும்பு இல்லை’ என்று பெரிதாக எழுதி வைத்திருந்தனர். அந்தப் பக்கமாக யாரும் படுக்க வைத்துவிடக் கூடாது என்பதற்காக. மூச்சுக்குத் தொண்டையில் ஒரு குழாய், உணவுக்கு மூக்கில் ஒரு குழாய். பங்குத்தந்தை வந்து நோயிற்பூசுதல் அளித்தார். நாங்கள் வீடுதோறும் செபமாலை சொன்னோம். எங்கள் மன்றாட்டு ஒன்றே ஒன்றுதான்: அவர் பிழைத்துவிட வேண்டும். மன்றாட்டுக் கேட்கப்பட்டது. அவர் பிழைத்தார்.

வீடு திரும்பியவர்

மோதலின் வேகத்தில் மூளை, மண்டையோட்டின் உட்சுவரில் மோதி அதிர்கிறது. அதன் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு அறுந்துபோகின்றன. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதி சேதமுற்றால் கையும் காலும் பேச்சும் ஓரளவு மீண்டுவிடலாம். ஆயினும் மனிதரின் குணம் மாறிவிடலாம். தானாக ஒன்றைத் தொடங்கும் முனைப்புக் குறையும். அற்பக் காரணத்திற்குக் கோபம் பொங்கும். எதிரில் இருப்பவரின் முகத்தில் தெரியும் துயரத்தைப் படித்தறியும் திறன் மங்கிவிடும். பழைய நினைவுகள் இருக்க, அண்மைக்கால நினைவுகள் அழிந்துபோவதும் உண்டு.

இரண்டரை மாதம் கழித்து வீடு திரும்பியவர் நடந்தார், தாமே உண்டார், ஒரு சில வார்த்தைகள் பேசினார். கண்டவர்கள் ‘புதுமை’ என்றார்கள். ஆனால் ஒருநாள் காலை, காபியைக் கொண்டுவந்து வைத்த மனைவியை நிமிர்ந்து பார்த்து, ‘தேங்க்ஸ் சிஸ்டர்’ என்றார். அவர் விளையாடவில்லை. தம்மைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, உடை மாற்றிவிடும் அந்தப் பெண்ணை மருத்துவமனைத் தாதியாகவே அவர் புரிந்துகொண்டிருந்தார். அதன்பின் சில நாள்களில் பெயர் சொல்லி அழைப்பார். பல நாள்களில் ‘சிஸ்டர்’ என்பார். மகளைச் சிறு குழந்தை என்று எண்ணிக்கொண்டு, வளர்ந்து நிற்கும் பெண்ணை யாரென்று கேட்பார். மனைவி அழுதால் எழுந்து தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார்.

தை மாதத்தில் ஒரு மாலை, அன்பியக் கூட்டம் முடிந்து நாங்கள் நான்கைந்து பேர் அவ்வீட்டிற்குச் சென்றோம். கணவர் உள்ளறையில் உறங்கிக்கொண்டிருந்தார். அப்போது அந்த அம்மையார் எங்களிடம் சொன்னார்:

‘நீங்க எல்லாரும் வேண்டிக்கிட்டீங்க. நானும் வேண்டிக்கிட்டேன். உயிரோட கிடைச்சுட்டார். ஆனா நான் கட்டிக்கிட்டவர் வரலையே. இவரை நான் பார்த்துக்குவேன், அதுல ஒரு குறையும் வைக்க மாட்டேன். நான் கேக்குறது ஒண்ணுதான். அன்னைக்குக் கோயில்ல நான் வாக்குக் குடுத்தது அவருக்கா, இவருக்கா?’

எங்களில் ஒருவர் உடனே விடை சொன்னார்: ‘எல்லாம் ஆண்டவர் சித்தம்மா. அவர் தந்த சிலுவை, தூக்கித்தான் ஆகணும்.’ மற்றவர்கள் தலையசைத்தோம். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து எங்களுக்குக் காபி போட உள்ளே போனார். அக்கேள்வியை அவர் மறுபடியும் எங்களிடம் கேட்கவேயில்லை.

அவரா, இவரா?

அந்த அம்மையார் கேட்டது அறியாமையால் பிறந்த கேள்வி அன்று. மெய்யியல் அறிஞர்கள் நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி. ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக், மனித அறிவைப் பற்றிய தம் பெருநூலின் இரண்டாம் பதிப்பில் (1694) இதற்கெனவே ஓர் இயலைச் சேர்த்தார். தன்னுணர்வு எவ்வளவு தூரம் பின்னோக்கிச் செல்கிறதோ அவ்வளவு தூரமே ஒருவர் அதே ஆளாக நீடிக்கிறார் என்பது அவருடைய கருத்தின் சாரம். இதை அப்படியே ஏற்றுக்கொண்டால், வாக்கை வாங்கிக்கொண்டவர் துவரங்குறிச்சிச் சாலையிலேயே போய்விட்டார். வீட்டில் இருப்பவர் அவருடைய உடலை உடுத்திய வேறொருவர் என்றாகிவிடும்.

மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்ற ஒரு நிகழ்ச்சியும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருப்புப்பாதைக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்க்கும் பணியில் இருந்த பீனியஸ் கேஜ் என்னும் மேலாளரின் கன்னத்தின் வழியே நுழைந்த இரும்புக்கோல் ஒன்று உச்சந்தலையைத் துளைத்துக்கொண்டு வெளியேறியது. அவர் பிழைத்தார். ஆனால் பொறுமையும் பொறுப்பும் மிக்கவராய் இருந்தவர் முரடராகவும் நிலையற்றவராகவும் மாறிவிட்டார். இவர் பழைய ஆளே இல்லை என்று நண்பர்கள் சொன்னதாக அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் ஹார்லோ எழுதி வைத்தார். பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் கேஜின் வாழ்க்கை அத்துடன் முடியவில்லை. பின்னாளில் சிலி நாட்டிற்குச் சென்று, ஏறத்தாழ 7 ஆண்டுகள் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரைவண்டியை ஓட்டிப் பிழைத்தார். நேரந்தவறாமையும் கவனமும் பழகுமுறையும் தேவைப்படும் தொழில் அது. ‘இவர் அவரில்லை’ என்று தீர்ப்பு எழுதியவர்கள் சற்றே அவசரப்பட்டுவிட்டார்களோ என்று இன்றைய ஆய்வாளர்கள் கேட்கிறார்கள்.

நம் மறைமரபு இக்கேள்வியை வேறிடத்திலிருந்து தொடங்குகிறது. மனிதர் என்பவர் உடலுக்குள் குடியிருக்கும் நினைவுத் தொகுதி அல்லர். ஆன்மா மட்டுமே நான் என்று சொல்லிவிட முடியாது என்று புனித தோமா அக்குவினா கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் விரிவுரையில் விளக்கினார். உடலும் சேர்ந்தே நான். எனவேதான் உடலின் உயிர்ப்பை நாம் அறிக்கையிடுகிறோம். மருத்துவமனையில், படுக்கைப்புண் வந்துவிடாதபடி இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துவிட்ட அந்த அம்மையார், ‘என் கணவர் முன்பு குடியிருந்த உடல் இது’ என்று எண்ணியா துடைத்தார்? கணவரைத்தான் துடைத்தார். நினைவு தப்பிய நாள்களில் எவ்வித ஐயமும் இன்றி அவர் கணவராகவே இருந்தார். கண் திறந்து பேசத் தொடங்கிய பின்னரே ஐயம் பிறந்தது. மௌனமாய்க் கிடந்தவரை அடையாளம் கண்ட அன்பு, மாறிய குரலைக் கேட்டபின் தடுமாறுகிறது.

ஆக, வாக்கைப் பெற்றவர் இவரே என்று நாம் சொல்லலாம். ஆயினும் இவ்விடையோடு நிறுத்திக்கொண்டால், காபி குடித்துவிட்டு வந்த அன்றைய எங்கள் நிலையிலிருந்து வெகுதூரம் முன்னேறியவர்கள் ஆகமாட்டோம். ‘அவர் அதே ஆள்தான்’ என்பது உண்மை. அந்த உண்மையை, ஒன்றுமே இழக்கப்படவில்லை என்பதுபோலச் சொல்வது கொடுமை.

நாளையைப் பற்றிய வாக்கு

திருமண நாளில் நாம் தரும் வாக்கைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். இன்பத்தோடு துன்பத்தையும், உடல்நலத்தோடு நோயையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மணமேடையில் நிற்கும் இளையவர்கள் அதைக் கேட்டுப் புன்னகைத்தபடியே சொல்லிவிடுகிறார்கள். நோய் என்றதும் காய்ச்சலையும் முதுமையின் தளர்ச்சியையும் நினைப்பார்களே அன்றி, தம் முகமே தம் துணைக்குத் தெரியாமற்போகும் ஒரு நோயை யார் நினைப்பார்? ஒருவரிடம் உள்ள நற்குணங்களுக்காக மட்டுமே அன்பு செய்வோம் என்றால் அதற்கு வாக்குத் தேவையில்லை. அக்குணங்களே நம்மைக் கட்டிவைத்துவிடும். அவை கட்டிவைக்க இயலாத நாள்களுக்காகவே வாக்கு உள்ளது.

ஆனால் நாளைய என் உள்ளத்தைப் பற்றி இன்று நான் எப்படி வாக்குத் தரமுடியும்? இக்கேள்வியை நேர்மையோடு எதிர்கொண்டவர் பிரெஞ்சு மெய்யியலாளர் காபிரியேல் மார்சல் (1889-1973). முதல் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்தில், காணாமற்போன வீரர்களைப் பற்றிக் குடும்பத்தாருக்குத் தகவல் தேடித்தரும் பணியில் அவர் இருந்தார். கையில் இருந்த ஒவ்வோர் அட்டைக்கும் பின்னால் துடிக்கும் ஒரு தாயையோ மனைவியையோ அவர் சந்திக்க நேர்ந்தது. 1929 இல் கத்தோலிக்கரானார். பற்றுறுதியைப் பற்றி எழுதுகையில் அவர் ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தருகிறார். நோயுற்றுக் கிடக்கும் நண்பரைப் பார்க்கப் போகிறோம். உள்ளம் உருகி, விரைவில் மறுபடியும் வருவேன் என்று வாக்குத் தருகிறோம். அந்த நாள் வரும்போது உருக்கம் வற்றிப்போயிருக்கிறது. இப்போது போனால் நடிப்பு, போகாவிட்டால் துரோகம். என்ன செய்வது?

மார்சல் காணும் வழி இது. வாக்குத் தந்தபோது நாம் நம் உணர்ச்சியை அடகு வைக்கவில்லை, நம்மையே தந்தோம். பற்றுறுதி என்பது பழைய உணர்ச்சியைப் பதப்படுத்தி வைத்திருப்பது அன்று. எதிரில் இருப்பவருக்கு நாம் இன்று கிட்டக்கூடியவராய் இருப்பது. அதை ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்வது. அந்த அம்மையாரின் கணவரும் ஒருவகையில் காணாமற்போனவரே. காணாமற்போனவர் வீட்டிலேயே இருக்கிறார் என்பதுதான் வேறுபாடு. அவர் தம்மைத் தாமே நினைவுகூர இயலாத நாள்களில், அவர் இன்னார், இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை, ஓர் ஒற்றுப் பிழையையும் பொறுக்காதவர் என்பதைச் சேமித்து வைத்திருப்பவர் மனைவியே. அவருடைய அடையாளத்தில் ஒரு பகுதி இப்போது அவருடைய தலைக்குள் இல்லை. மனைவி தந்த வாக்குக்குள் இருக்கிறது. ‘அவருக்கா, இவருக்கா’ என்ற கேள்விக்கு நாம் காணக்கூடிய விடை இவ்வளவே: அவரையும் இவரையும் ஒரே ஆளாகப் பிணைத்து வைத்திருக்கும் கயிறுகளுள் அந்த வாக்கும் ஒன்று.

துக்கத்திற்கு இடம் வேண்டும்

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பற்றுறுதி, துக்கத்தைத் தடைசெய்வதில்லை.

கணவர் இறந்திருந்தால் ஊர் கூடியிருக்கும். அடக்கம், துக்கம் விசாரித்தல், முப்பதாம் நாள் திருப்பலி, ஆண்டு நினைவு என்று அழுவதற்கான படிகளை நம் முன்னோர் வகுத்து வைத்துள்ளனர். இந்த அம்மையாரின் இழப்புக்கு எந்தச் சடங்கும் இல்லை. அவர் அழுதால், ‘உயிரோடு இருக்கும்போது அழலாமா, அபசகுனம்’ என்கிறோம். அழாவிட்டால் கல்நெஞ்சுக்காரி என்கிறோம். காலையில் தாம் வெட்டிக் கொடுத்த துணியைப் பார்த்துக் கேலி பேசிச் சிரிக்கவைத்த மனிதரும், தம் அழுகையின் பொருள் அறிந்த மனிதரும் போய்விட்டார்கள். போனவருக்காக அழுதுகொண்டே இருப்பவரைக் கவனிப்பது முரண்பாடு ஆகாது. இறந்த இலாசருக்காக, அவரை எழுப்பப்போகும் ஆண்டவரே அழுதார் அன்றோ? நாங்கள் அன்று சொல்லியிருக்க வேண்டியது ‘சிலுவையைத் தூக்கு’ என்பது அன்று. ‘அவர் எப்படி இருந்தார் என்று சொல்லம்மா, கேட்கிறோம்’ என்பதே.

மற்றொன்றையும் நம் மனச்சான்றைத் தொட்டுக் கேட்டுக்கொள்வோம். இந்த விபத்தில் தலையில் அடிபட்டவர் மனைவியாக இருந்திருந்தால், நம் உறவினர் கணவரிடம் என்ன பேசியிருப்பார்கள்? ‘பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டாமா?’ என்ற பேச்சு ஓராண்டுக்குள் எழுந்திருக்கும். கணவன் படுத்தால் மனைவிக்குப் பொறுமையையும், மனைவி படுத்தால் கணவனுக்கு மாற்று வழியையும் போதிக்கும் நாக்கு ஒன்றே. திருமண வாக்கு இருவர் வாயிலிருந்தும் ஒரே சொற்களில் வந்தது. அதைப் பெண்ணின் கழுத்தில் மட்டும் கட்டும் உரிமையை நமக்கு யார் தந்தார்?

நாட்டின் சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 1869 ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் 2001 இல் திருத்தப்பட்டபோது, துணைவர் குணப்படுத்த முடியாத மனநிலைப் பிறழ்வுக்கு இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து உள்ளாகியிருந்தால், கிறிஸ்தவர்கள் மணமுறிவு கோரலாம் என்ற காரணமும் இடம்பெற்றது. திருச்சபையின் பார்வை வேறு. திருமணத்தை உருவாக்குவது இருவரின் சம்மதமே; அச்சம்மதத்தை எந்த மனித ஆற்றலும் ஈடுசெய்ய இயலாது; முறைப்படி நிறைவேறிய திருமண அருளடையாளத்தைச் சாவைத் தவிர வேறு எதுவும் அவிழ்ப்பதில்லை என்று 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு கூறுகிறது. பின்னால் வரும் மூளைக்காயம் அன்று தந்த சம்மதத்தைப் பின்னோக்கிச் சென்று அழிப்பதில்லை.

ஆயினும் அதே சட்டத்தொகுப்பு, துணைவரால் மற்றவரின் அல்லது பிள்ளைகளின் உயிருக்கோ உடலுக்கோ பெரும் ஆபத்து நேரும்போது பிரிந்து வாழ இடம் தருகிறது. ஆபத்து உடனடியானது எனில் முன் அனுமதிக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. மூளைக்காயத்தால் வரும் கோபம் சில வீடுகளில் கைநீட்டும் அளவுக்குப் போய்விடுவதை மறைக்கவேண்டாம். அத்தகைய வீட்டில், பாதுகாப்பான வேறோரிடத்தில் கணவரை வைத்துக் கவனிக்க ஏற்பாடு செய்யும் மனைவி வாக்கை மீறியவர் ஆகமாட்டார். ஒரே கூரையின் கீழ் அடிபட்டுச் சாவதைத் திருச்சபை எவரிடமும் கேட்கவில்லை.

சாவடிப் பொறுப்பாளர்

நல்ல சமாரியர் உவமையை நாம் நன்கறிவோம். இன்றும் சாலையில் அடிபட்டவரைத் தூக்குபவருக்கு அவருடைய பெயரே வழங்குகிறது; உதவ வந்தவரை வழக்கில் இழுத்து அலைக்கழிக்காதிருக்க 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் பாதுகாப்புச் சேர்க்கப்பட்டுள்ளது. ஆனால் அவ்வுவமையில் நாம் மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார். சமாரியர் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் தம் வழியே போய்விட்டார். அதன்பின் காயத்தைக் கழுவியவர், கஞ்சி கொடுத்தவர், இரவில் முனகல் கேட்டு எழுந்தவர் சாவடிப் பொறுப்பாளர். அவர் எத்தனை நாள் பார்த்துக்கொண்டார் என்று நமக்குச் சொல்லப்படவில்லை. படுகாயமடைந்தவரின் துணைவர் அந்தச் சாவடிப் பொறுப்பாளரே.

சமாரியர் அவரை வெறுங்கையோடு விட்டுப் போகவில்லை என்பதையும் கவனிப்போம். இரண்டு தெனாரியத்தைக் கொடுத்தார். கூடுதலாக ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். திரும்பி வருவேன் என்பதும் ஒரு வாக்குத்தான். நாங்களோ செபமாலை சொன்னோம், பழம் வாங்கிக்கொண்டு போனோம், சிலுவையைப் பற்றிப் பேசினோம், திரும்பிப் போகவில்லை.

திருமணப் பதிவேட்டில் மணமக்களின் கையொப்பத்திற்குக் கீழே இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் இடம்பெறுகிறது. சாட்சியின் வேலை விருந்து உண்டதோடு முடிந்துவிட்டதாகவே நாம் நினைக்கிறோம். ஒரு வாக்கு தரப்பட்டதை நாங்கள் கண்டோம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு, அவ்வாக்கைக் காப்பவர் தனியாய்ச் சுமந்து தளரும்போது ஒரு கடமையும் இல்லையா? அந்தத் தம்பதியரின் திருமணத்தில் சாட்சியாய்க் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர் எங்கள் அன்பியத்திலேயே இருக்கிறார். சிலுவையைப் பற்றிப் பேசியவரும் அவரே. தம் கையெழுத்தைப் பற்றி முதலில் நினைவுகூர்ந்தவரும் அவரே.

அந்த ஆண்டு தவக்காலத்தில் நாங்கள் ஒரு முறையை ஏற்படுத்திக்கொண்டோம். வாரத்தில் இரண்டு மாலைகள் எங்களில் இருவர் சென்று கணவரோடு இருப்போம்; அந்த அம்மையார் தம் தாய் வீட்டுக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு உறங்கலாம். பெரும்பாலும் உறங்கினார். நாங்கள் பங்கின் அறிவிப்புத் தாளை அச்சுக்குப் போகுமுன் கணவரிடம் கொடுப்போம். அவர் பென்சிலை வாங்கி, விடுபட்ட ஒற்றுகளை ஒவ்வொன்றாகக் குறித்துத் தருவார். ஐந்து நிமிடம் கழித்து அதே தாளை முதன்முறை பார்ப்பவர்போலக் கேட்டு வாங்கிக்கொள்வார். சில மாலைகளில் காரணமின்றிச் சினந்து எங்களை வெளியே போகச் சொல்வார். இரண்டு மணி நேரத்திற்குள் நாங்கள் களைத்துவிடுவோம். அப்போதுதான் மீதமுள்ள மணி நேரங்களின் கனம் எங்களுக்குத் தெரிந்தது.

பங்குனியில், அகற்றி வைத்திருந்த எலும்பைத் திரும்பப் பொருத்தும் அறுவை சிகிச்சைக்காக மறுபடியும் மதுரைக்குச் சென்றார்கள். எங்களில் ஒருவர் உடன் போயிருந்தார். மறுபடியும் ஒப்புதல் படிவம். இம்முறை அந்த அம்மையார் குணமான வலக்கையால் எழுதினார். உறவு என்ற இடத்தில் முன்பு எழுதிய அதே சொல்லையே எழுதினார். ஆனால் முதன்முறை எழுதியபோது அவருக்கு அச்சொல்லின் பொருள் தெரியாது, இப்போது தெரியும். தெரிந்தும் எழுதினார்.

அறுவைக்கு முந்தைய நாள், உண்மையான தாதி ஒருவர் வந்து கணவரிடம் எந்த மருந்து ஒவ்வாது என்று விசாரித்தார். அவர் சற்று யோசித்தார். பிறகு மனைவியைக் காட்டி, ‘அவங்களைக் கேளுங்க, அவங்களுக்கு என்னைத் தெரியும்’ என்றார்.

அவர் ‘மனைவி’ என்று சொல்லவில்லை. அந்தச் சொல் அன்று அவரிடம் இருந்ததா என்பதும் நமக்குத் தெரியாது. அந்த அம்மையார் இதை எங்களிடம் சொன்னபோது மகிழ்ந்தார் என்று எழுதினால் பொய்யாகும்; அழுதார் என்று எழுதினாலும் முழு உண்மை ஆகாது. ‘இனி வெள்ளிக்கிழமை யார் வர்றீங்க?’ என்று மட்டும் கேட்டார். அவருடைய முதல் கேள்விக்கு விடை சொல்லத் தகுதி பெறும் வரையில், இந்த இரண்டாம் கேள்விக்காவது தவறாமல் விடை தரவேண்டியவர்கள் நாம்.